சீஸ் இல்லாத மெக்டொனால்ட்ஸ்

அர்ஜென்டினாவின் புவெனஸ் ஐரெஸ் நகரில், அபாஸ்தோ மாலில் ஒரு மெக்டொனால்ட்ஸ். மெனுவில் சீஸ் பர்கரே கிடையாது.

கோஷர் கடை, அதாவது யூத மத உணவு விதிப்படி நடப்பது. இறைச்சியோடு பால் சேரக்கூடாது.

முதல் கோஷர் கிளை 1995-இல் ஜெருசலேம் அருகே, மெவசெரெத் சியோனில் வந்தது.

சீஸை நீக்கினால் போதாது. பன் மாவில் துளி பால்பவுடர் இருந்தாலும் பர்கர் கோஷர் ஆகாது. இறைச்சியை அரை மணி ஊறவைத்து, உப்பிட்டு ஒரு மணி நேரம் ரத்தம் வடியவிட்டு, மூன்று முறை அலசவேண்டும். அந்த உப்பு உள்ளே தங்கும். மசாலாவில் உப்பைக் குறைக்காவிட்டால் கரிக்கும். லெட்யூஸில் ஒரு பூச்சிகூட இருக்கக்கூடாது.

இதையெல்லாம் பழகிவிடலாம். கிளை பெருக்குவதுதான் பெரும்பாடு.

ஒவ்வொரு சமையலறைக்கும் மத மேற்பார்வை வேண்டும், அதற்குச் சம்பளம் உண்டு. யூதர்களின் ஓய்வுநாளுக்காக வெள்ளி அந்திக்கு முன் மூடினால் சனி இருட்டிய பிறகே திறப்பு. நல்ல வியாபார நேரம் போகும், வாடகை குறையாது. சனிக்கிழமைக் கூட்டத்தை நம்பும் மாலில் கோஷர் கிளை திறப்பது பெரிய துணிச்சல்!