விரால் மெலிந்தபோது குட்டையில் என்ன செய்தோம்

ஒட்டுசுட்டான் பக்கம் எங்கள் வயலோரத்தில் ஒரு குட்டை இருக்கிறது. மாரியில் ஆளுயரத்துக்கு மேல் தண்ணீர் நிற்கும், ஆவணியில் இடுப்பளவுக்கு இறங்கிவிடும். விராலும் திலாப்பியாவும் தாராளம். ஆனால் போன கோடையில் தூண்டிலில் ஏறிய விரால்களுக்குத் தலை பெரிதாகவும் வயிறு ஒட்டியும் இருந்தன.

கண்மதிப்பை நம்பாமல் அளந்து பார்த்தேன். நிறையைக் கிராமில் எடுத்து 100 ஆல் பெருக்கி, சென்ரிமீற்றர் நீளத்தின் கனத்தால் (நீளம் × நீளம் × நீளம்) வகுத்தால் மீனின் உடம்பு நிலை தெரியும். எங்கள் விரால் ஒன்று 40 சென்ரிமீற்றர், 400 கிராம், வந்தது 0.63. முத்தையன்கட்டுக் குளத்தில் பிடிபட்ட அதே நீள விரால் 570 கிராம், அதற்கு 0.89. இந்தக் கணக்கில் விராலை விராலோடுதான் ஒப்பிடலாம், அதுவும் கிட்டத்தட்ட ஒரே நீளத்தில்.

வயிற்றைக் கீறிப் பார்த்தால் பூச்சியும் தவளைக் காலும்தான், மீன் முள்ளே இல்லை. வீச்சு வலை எறிந்தபோது வந்த திலாப்பியா முழுக்க உள்ளங்கை அகலம். குளத்தில் தொழில் செய்யும் அண்ணை ஒருவர் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, குட்டைக்குள்ள மீன் கிடக்கு. விராலின்ர வாய்க்குள்ள போற மீன்தான் இல்லை."

விரால் இரையைக் கடித்துத் துண்டாக்காது, முழுதாக விழுங்கும். திலாப்பியாவோ உடல் உயரமானது, முதுகில் முள் வேறு. விரலளவில் தப்பியது உள்ளங்கை அகலம் ஆனபின் அதற்குப் பயமில்லை. நெரிசலில் வளர்ச்சி நின்றுபோய், குஞ்சுகளுக்குரிய பாசியையும் அதுவே தின்றுவிடும். அதோடு ஒரே பருமன் விரால்கள் கூடிவிட்டால், பிறக்கிற கொஞ்சக் குஞ்சுக்கும் அவ்வளவு வாய்களும் போட்டி.

பலர் இந்த இடத்தில் புதுக் குஞ்சு வாங்கி விடச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இடமே இல்லாத தண்ணீரில் குஞ்சு விட்டு என்ன பயன்? முதலில் எடுக்க வேண்டும். தண்ணீர் இறங்கிய நேரம் பார்த்து உள்ளங்கைத் திலாப்பியாவை வலைபோட்டு வாரினோம். கறிக்குப் போனது போக மிச்சத்தைக் கருவாடாக்கினோம். மெலிந்த நடுத்தர விராலிலும் பாதியளவு குறைத்தோம். நீளமானவற்றை விட்டுவிட்டோம், பெரிய திலாப்பியாவை விழுங்க அவற்றால்தான் முடியும்.

அப்புறம் தஞ்சம். பூவரசங் கிளைகளைக் கட்டிக் கரையோரம் அமிழ்த்தினோம். திலாப்பியா பெண் முட்டையையும் குஞ்சையும் வாயிலேயே காக்கும், சில மாதத்திலேயே சினைக்கும் வரும். ஆக, கொஞ்சம் தாய்மீனும் ஒதுங்க மறைப்பும் இருந்தால் குஞ்சு தானாகப் பெருகும். பாசிக்காக மாட்டெருவைச் சாக்கில் கட்டி இறக்கினோம். இதில் கவனம் வேண்டும்: எரு கூடினால் தண்ணீரில் ஒட்சிசன் குறைந்து விடியற்காலையில் திலாப்பியா மேலே வந்து வாய் பிளக்கும். விரால் மேல்காற்றை விழுங்கிச் சமாளிப்பதால், விராலைப் பார்த்துத் தண்ணீரை மதிப்பிடக் கூடாது.

மாரியில் தண்ணீர் வழியும் வாய்க்காலுக்குக் கண்ணி சிறிய வலை கட்டினோம். ஈர வயலில் ஊர்ந்தே விரால் அடுத்த குட்டைக்குப் போய்விடும். செங்குஞ்சுக் கூட்டத்தோடு நின்ற தாய் தகப்பனைத் தொடவில்லை.

தையில் திரும்ப அளந்தபோது 0.8ஐத் தாண்டியவையே அதிகம். வருகிற கோடையிலும் தண்ணீர் இறங்கியதும் அதே வலையை இறக்குவோம், இம்முறை திலாப்பியாவில் மட்டும்.