அல்மோராவிலிருந்து கராச்சி வரை
ராணா லியாகத் அலி கானைப் பற்றி நம் பக்கம் யாரும் அதிகம் பேசுவதில்லை. இன்றைய உத்தராகண்டில் இருக்கும் அல்மோராவில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் ஷீலா ஐரீன் பந்த் என்ற பெயரில் பிறந்து, டெல்லி இந்திரபிரஸ்தா கல்லூரியில் பொருளாதாரம் சொல்லிக்கொடுத்தவர், லியாகத் அலி கானை மணந்து, பிரிவினைக்குப் பிறகு பாகிஸ்தானின் முதல் பிரதமருடைய மனைவியானார். 1949இல் அங்கே பெண்களுக்கென்று ஒரு பெரிய அமைப்பையே தொடங்கிவிட்டார். 1951 அக்டோபரில் ராவல்பிண்டி பொதுக்கூட்டத்தில் கணவரைச் சுட்டுக் கொன்றார்கள். சரி, இனி வீட்டோடு இருந்துவிடுவார் என்று யாராவது நினைத்திருந்தால் ஏமாந்திருப்பார்கள். நெதர்லாந்தில் தூதர், அப்புறம் இத்தாலியில், 1973இல் சிந்து மாகாண ஆளுநர். பாகிஸ்தானில் ஒரு பெண் ஆளுநரானது அதுதான் முதல் தடவை. ராணுவ ஆட்சியாளர் ஜியா உல் ஹக் பெண்களை முடக்கும் சட்டங்களைக் கொண்டுவந்தபோது, எழுபது வயதைத் தாண்டிய பிறகும், வெளிப்படையாக எதிர்த்தார். எனக்குப் பிடித்தது அந்தத் துணிச்சல்தான், பதவிகள் அல்ல.