கிணத்தடிக் குழியும் ஏழாம் அத்தியாயமும் – நாலாவது முறை

410 மில்லிலீற்றர் தண்ணி. முந்தநாள் விடிய பேணியைத் தூக்கி அளந்துபோட்டு நான் போட்ட சத்தத்தில, பாம்பு கடிச்சிட்டுது எண்டு அம்மா குசினிக்குள்ள இருந்து ஓடி வந்திட்டா. முதல் குழியில வந்தது 85. அந்த 85ல இருந்து 410க்கு வர எனக்கு மூண்டு கிழமை, நாலு குழி, அஞ்சு துண்டு பொலித்தீன், ஒரு அறுந்த செருப்பு. அப்பிடியும் கதைக்குக் காணாது, அந்த வயித்தெரிச்சலைத்தான் எழுத வந்தனான்.

நான் எழுதுற விண்வெளிக் கதை தெரியாத ஆக்களுக்குச் சுருக்கமா. பிரொக்சிமா பி, எங்கட சூரியனுக்கு ஆகக் கிட்ட இருக்கிற பிரொக்சிமா நட்சத்திரத்தைச் சுத்துற கிரகம். ரெண்டு பேர், மதியும் செழியனும். இறங்கின ஓடம் உடைஞ்சு போச்சு, தண்ணியைச் சுத்திகரிச்சுத் திருப்பித் தாற மெசினும் அதோட சரி (விண்வெளி நிலையத்தில 2023ல 98 வீதத் தண்ணியைத் திருப்பி எடுத்துக் காட்டினவை, அது வேலை செய்தால் எனக்குக் கதையே இல்லை, அதால முதல் பக்கத்திலயே உடைச்சுப்போட்டன்). நான் எனக்குப் போட்ட ஒரேயொரு சட்டம், அவங்கள் உயிர் தப்பச் செய்யிற எதையும் நான் ஒருக்காலாவது வளவுக்குள்ள செய்து பாக்காமல் எழுதுறேல்ல. மூண்டாம் அத்தியாயத்தில உலர் உணவு மட்டும் எண்டு வந்ததுக்கு நான் ரெண்டு நாள் புழுக்கொடியலும் ஒடியல் மாப் புட்டும் மட்டும் திண்டு வயிறு கல்லாப் போய்க் கிடந்தது முன்னமே எழுதியிருக்கிறன். ஏழாம் அத்தியாயம் தண்ணி. அங்கதான் நிக்கிறன், மாசிக்குப் பிறகு ஒரு பக்கம் நகரேல்ல.

குழி முறை இதுதான், 1965ல அரிசோனாவில ஜாக்சன், வான் பேவல் எண்ட ரெண்டு விஞ்ஞானிகள் பாலைவனத்தில தப்புறதுக்கு எண்டு எழுதினது, குழி, நடுவில பேணி, மேல பொலித்தீன், அதுக்கு நடுவில கல்லு, ஓரமெல்லாம் மண். வெயிலுக்குக் குழியின்ர ஈரம் ஆவியாகி பொலித்தீனுக்குக் கீழ துளியாப் படிஞ்சு, கல்லடிக்கு வழிஞ்சு பேணிக்குள்ள சொட்டோணும். என்ர குழி ஒரு மீற்றர் அகலம், ஒண்டரை அடி ஆழம். எங்கட பக்கம் யாழ்ப்பாணத்து அராலி, கிணறு சவர், அதால உப்புத் தண்ணிக்கு எங்கயும் அலையத் தேவையில்லை, ஒரு வாளி அள்ளிக் குழிக்குள்ள சுத்தி ஊத்தினால் சரி. பேணிக்குள்ள இருந்து குடிக்க சேலைன் ரியூப் ஒண்டு விட்டனான், பொலித்தீனை ஒவ்வொருக்காலும் திறந்தால் உள்ளுக்கு இருக்கிற ஈரமெல்லாம் போயிடும். பார்மசியில ரியூப் கேக்க "ஆருக்குத் தம்பி வருத்தம்?" எண்டு கேட்டார், கதையில வாற ஆக்களுக்கு எண்டு சொல்ல வெக்கமா இருந்தது, அம்மம்மாவுக்கு எண்டிட்டன். அம்மம்மா செத்து ஆறு வருசம்.

குழி வெட்டேக்க பக்கத்து வீட்டு ஐயா வேலிக்கு மேலால எட்டிப் பாத்து, "என்ன, 95 இடப்பெயர்வில தாட்ட நகையைத் தேடுறியளோ?" எண்டார். பகிடிதான். பிறகு கனநேரம் வேலியடியிலயே நிண்டார், தான் தாட்ட இடம் தனக்கே பிடிபடேல்ல எண்டார். அதையும் கதைக்குள்ள எங்கயாவது வைக்கோணும்.

இப்ப துளிக்கு வாறன். என்ர மூண்டு கிழமையையும் திண்டது அதுதான்.

முதல் குழி மத்தியானம் பாத்தால் பொலித்தீனுக்குக் கீழ முத்து முத்தா அப்பிடி ஒரு வடிவு, போட்டோ எல்லாம் எடுத்தன். பின்னேரம் பேணிக்குள்ள ரெண்டு சொட்டு. விடிய 85. முத்து முத்தா நிக்கிறதுதான் வியாதி எண்டு விளங்க எனக்கு நாலு நாள் போச்சு. பொலித்தீன் தண்ணியை ஒட்டவிடாது, துளி உருண்டையா நிண்டு பெருத்து, வழிஞ்சு கல்லடிக்கு வர முன்னமே பாரம் தாங்காமல் கீழ மண்ணில விழுந்திடும். மண்ணில இருந்து எழும்பின தண்ணி மண்ணுக்கே. நான் ஒரு முழுப் பகலும் குப்புறப் படுத்துக்கொண்டு ஓரத்தால பாத்தனான், ஒரு துளி வெளிக்கிடும், ஒரு சாண் வரும், இன்னொண்டோட சேரும், சேர்ந்த உடன பொத்தெண்டு விழும். சேர்ந்தால் விழும். எழுதிற எனக்கு அதைப் பாத்துக்கொண்டு சும்மா இருக்க ஏலுமே, கொப்பியில எழுதி வைச்சன், பிறகு வெட்டிப்போட்டன், மலிஞ்ச உவமை.

ரெண்டாம் குழி, கல்லைப் பாரமாக்கிச் சரிவைக் கூட்டினன், 35 பாகை வரும். 140. மூண்டாம் குழிக்கு 220 நம்பர் சாண்ட் பேப்பர் எடுத்து பொலித்தீன்ர உள்பக்கத்தை வட்டம் வட்டமா உரஞ்சினன், கை முறிஞ்சுது. உரஞ்சின இடத்தில தண்ணி உருளாமல் படையாப் பரவி வழுக்கிக்கொண்டு போகும். 330! அண்டைக்கு நான் அத்தியாயம் முடிஞ்சுது எண்டு நினைச்சனான். ஆனா உடைஞ்ச ஓடத்துக்குள்ள சாண்ட் பேப்பர் எங்கால? மண்ணால உரஞ்சிப் பாத்தன், அங்கங்க ஓட்டை விழுந்து பொலித்தீன் சல்லடை.

பொலித்தீன் கதை தனிக் கதை. 500 கேஜ் மொத்தம், கல்லு வைச்சாலும் கூம்பா இறங்காமல் மடிஞ்சு மடிஞ்சு நிக்கும், ஒவ்வொரு மடிப்பிலயும் தண்ணி தேங்கும். 200 வாங்கினால் முதல் காத்துக்கே பறக்கும். 300தான் சரி. ஸ்ரான்லி வீதியில ஒரு கடையில கிளியர் எண்டு சொல்லித் தந்ததை வீட்ட வந்து விரிச்சால் பால் நிறம், திருப்பிக் கொண்டுபோனால் வெட்டின சாமான் எடுக்கமாட்டினமாம். தோட்டக்காரர் பசுமைக்குடிலுக்குப் போடுற சீற் நல்லது எண்டு கேள்வி, வெயிலுக்கு வெடிக்காதாம், ஆனா முழு உருளையா எடுக்கோணும் எண்டினம். ஆராவது பங்குக்கு வாறியளெண்டால் சொல்லுங்கோ.

அப்ப நாலாம் குழிக்கு என்ன செய்தன் எண்டால், 2001ல கனடா விண்வெளி வீரர் கிறிஸ் ஹாட்ஃபீல்ட் விண்நடையில நிக்கேக்க நடந்தது ஞாபகம் வந்தது. ஹெல்மற் கண்ணாடி புகார் பிடிக்காமல் இருக்கப் பூசுற மருந்து கண்ணுக்குள்ள போய் எரிஞ்சு, அங்க கண்ணீர் வழிஞ்சு விழாதுதானே, உருண்டையாக் கண்ணிலயே நிண்டு மற்றக் கண்ணுக்கும் பரவி மனுசன் ரெண்டு கண்ணும் தெரியாமல் நிண்டவர். அந்த மருந்தின்ர வேலை என்ன? தண்ணியைத் துளியா நிக்கவிடாமல் படையாப் பரப்புறது! எனக்குத் தேவையானதும் அதேதான். ஹெல்மற் இருக்கிற ஆக்களிட்ட அந்த மருந்தும் இருக்கும். எனக்கு மருந்து கிடையாது, கோப்பை கழுவுற சோப் தண்ணியை பொலித்தீனில மெல்லிசாத் தடவிக் காயவிட்டன். முதல் நாள் 410. ரெண்டாம் நாள் 360. இண்டைக்கு விடிய 190, ஏன் எண்டால் வழியிற தண்ணி சோப்பையும் கழுவிக்கொண்டு பேணிக்குள்ள போயிடுது. முதல் நாள் தண்ணி வாயில வைக்கேலாது. தங்கச்சிக்கு ஒரு வாய் குடுத்தன், துப்பிப்போட்டு "அண்ணா, உன்ர ஆக்கள் தாகத்தில சாகட்டும்" எண்டிட்டுப் போட்டாள்.

ஆனா அத்தியாயம் அங்கதான் திறந்தது. மருந்தைக் குழிக்குப் பூசினால் கண்ணாடிக்கு இல்லை. மதி தன்ர மருந்தை முழுக்கப் பொலித்தீனுக்குப் பூசிப்போட்டு ஒண்டும் சொல்லாமல் இருக்கிறாள், ஹெல்மற் உள்ளுக்குப் புகார், பாதை தெரியாது. இப்ப கிடக்கிற வரி இப்பிடி:

"மதி, ஏன் கல்லெல்லாத்திலயும் முட்டுறாய்?"
"ஒண்டுமில்லை, நட."
"கண்ணாடிக்கு மருந்து பூசேல்லயோ?"
"முடிஞ்சுது."
"முழுப் போத்தலுமோ?"
"உன்ர குழியில தண்ணி வந்ததோ?"
"வந்தது."
"பிறகென்ன."

அவன் தன்ர இடுப்புக் கயிறைக் கழட்டி அவளின்ர கொளுக்கியில மாட்டிக்கொண்டு நடக்கத் தொடங்குறான், அவ்வளவுதான். முந்தின மூண்டு பிரதியிலயும் இந்த இடத்தில ஒரு பக்கம் காதல் வசனம் எழுதி வைச்சிருந்தன், வாசிக்க எனக்கே கூசும். தங்கச்சி இதை வாசிச்சிட்டு, "ஒருக்கால்கூட அவள் அதைச் சொல்லேல்லயே" எண்டாள். சொல்லுறதெண்டால் எதை வைச்சுச் சொல்லுறது, அங்க நிலா இல்லை. நட்சத்திரத்துக்கு அவ்வளவு கிட்டச் சுத்துற கிரகத்துக்கு நிலா நிலைக்கிறது கஷ்டம், மாலையும் இல்லை, சூரியன் மறைஞ்சால்தானே மாலை. நான் வேணுமெண்டே அவளுக்கு மதி எண்டு பேர் வைச்சனான். பாலைக்குப் பிரிவு எண்டு எழுதி வைச்ச தமிழில நான் பாலையிலயே ரெண்டு பேரைச் சேர்க்க நிண்டு மல்லுக்கட்டுறன்.

கணக்கும் ஒருக்கால் பாத்திடுங்கோ, பிழையெண்டால் பேசுங்கோ. கிரகம் தன்ர நட்சத்திரத்துக்கு ஒரே முகத்தைக் காட்டிக்கொண்டு நிக்குது எண்டுதான் என்ர கதை. என்ர ஆக்கள் இருக்கிறது வெளிச்சப் பக்கமும் இருட்டுப் பக்கமும் சந்திக்கிற விளிம்புப் பட்டையில, சூரியன் எப்பவும் அடிவானத்துக்கு மேல 10 பாகையில, நாங்கள் பாக்கிற சூரியனைவிட மூண்டு மடங்கு அகலம், அசையாது. பூமிக்கு வாற வெக்கையில மூண்டில ரெண்டு பங்குதான் அந்தக் கிரகத்துக்கு வரும், அதிலயும் சரிஞ்சு விழுறபடியா தட்டையாக் கிடக்கிற குழிக்கு ஆறில ஒண்டு. சதுர மீற்றருக்கு 150 வாட் சொச்சம். கேவலம். ஆனா இரவு இல்லை! எங்கட 24 மணித்தியாலத்துக்குப் பெருக்கினால் 13 மெகாஜூல், காத்துக் குடிக்கிறதைக் கழிக்கேல்ல. எங்கட வளவில நல்ல வெயில் நாளில 20க்குக் கிட்ட வரும். ஒரு லீற்றரை ஆவியாக்க 2.3 மெகாஜூல் போதும், அப்ப வெக்கை பிரச்சினையில்லை, சிறு நெருப்பு, ஆனா அணையாத அடுப்பு. பொலித்தீனைக் குளிராக்க ஒண்டு வேணும், அதுக்கு இருட்டுப் பக்கத்தில இருந்து வெளிச்சப் பக்கத்துக்கு நிலத்தோட ஒட்டி வாற குளிர்காத்து இருக்கு. அதால என்ர குழியில வந்ததையே அங்கயும் வைச்சன், மூண்டு சீற், மூண்டு குழி, நல்ல நாளில 1,200 மில்லி. ஒரு ஆள் குளிருக்குள்ள அசையாமல் இருந்தால் தப்பலாம். ரெண்டு பேருக்குக் காணாது. மூண்டு நாளில மருந்தும் கழுவுப்பட்டுப் போயிடும், அதுவும் இண்டைக்கு விடியத்தான் தெரியும், நான் அவளைக் குருடாக்கினது மூண்டு நாள் தண்ணிக்காக. அதை நினைக்க எனக்கே ஒரு மாதிரி இருக்கு.

வெளிச்சப் பக்கம் இன்னும் உள்ளுக்குப் போனால் சூரியன் உயரும், தண்ணி கூடும், ஆனா அது நட்சத்திரத்தின்ர வெடிப்புக்கு நேர முன்னால போய் நிக்கிறது. 2016 மார்ச்சில பிரொக்சிமா ஒருக்கால் வெடிச்சு மினுங்கினதில, வெறுங்கண்ணுக்குத் தெரியாத அந்த நட்சத்திரம் கொஞ்ச நேரத்துக்குத் தெரியிற அளவுக்கு வந்தது. அது எட்டாம் அத்தியாயம். ஏழை முடிக்காமல் அதில பதினொரு பக்கம் எழுதிட்டன், என்ன செய்ய, எழுத வருது.

சொல்ல மறந்திட்டன், போன கிழமை குழி அலுத்துப்போய் இரவு பண்ணைப் பாலத்துக்குப் போனன். வைகாசியில தெற்குப் பக்கம் அடிவானத்துக்குக் கொஞ்சம் மேல அல்பா சென்ரோரி வடிவாத் தெரியும், கண்ணுக்கு ஒண்டு, உண்மையில ரெண்டு சூரியன். அதுக்குப் பக்கத்திலதான் பிரொக்சிமா, கண்ணுக்குப் பிடிபடாது. மதியும் செழியனும் இருட்டுப் பக்கம் திரும்பினால் அந்த ரெண்டு சூரியனும்தான் வானத்தில பெரிய வெள்ளி. போனில படம் எடுத்தன், புள்ளி. சிநேகிதன் ஒருத்தனிட்ட பழைய கமரா கிடக்காம், அதை நட்சத்திரத்தோட சேர்ந்து திரும்ப வைக்க மணிக்கூட்டு மோட்டரால ஒரு தட்டுச் செய்து பாப்பமெண்டு இருக்கிறன். அதுக்கு முதல் அஞ்சாம் குழி: பழைய யன்னல் கண்ணாடி ரெண்டு பத்திக்குள்ள கிடக்கு, கண்ணாடியில தண்ணி தானாப் பரவும், சோப்பும் வேண்டாம் சாண்ட் பேப்பரும் வேண்டாம். ஓடத்தின்ர யன்னலை அவங்கள் கழட்டலாமோ, கழட்டினால் உள்ளுக்க இருக்கிற காத்து போயிடும், அப்ப ரெண்டு பேரும் வெளியதான் படுக்கோணும்... இது எட்டுக்கு முதல் வரோணும் போல கிடக்கு, கோதாரி.

சோளகம் எழும்பீட்டுது. பொலித்தீன் ஒரு பக்கம் கிளம்பிப் படபடக்கிற சத்தம் இஞ்ச கேக்குது, போய் மண் போட்டிட்டு வாறன்.