ஒரு மில்லியில் தொடங்கிய பால் கணக்கு

என் மகன் 29 வாரத்தில் பிறந்தான். மறுநாளே என்ஐசியு (பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு) நர்ஸ், "எவ்வளவு வந்தாலும் சரி, பீச்சிக் கொண்டு வாங்க" என்றார். மூச்சுக்கே மெஷின் ஓடுகிறது, இப்போது பாலா என்று திகைத்தேன்.

அது பசியாற்றும் பால் இல்லை. சத்தெல்லாம் ட்ரிப்ஸில் போய்க்கொண்டிருந்தது. ஆனால் குடலைச் சும்மாவே போட்டுவைத்தால் உள்சுவர் மெலிந்துவிடுமாம். அதைப் பழக்கத்தான் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 10 முதல் 20 மில்லி. வேளைக்கு என்று பிரித்தால் ஒரு மில்லி சொச்சம்.

சீம்பால் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. பம்ப் வைத்தால் பாதி அதிலேயே ஒட்டிக்கொள்ளும். கையால் பீச்சி, சொட்டு எட்டிப் பார்க்கும்போதே சின்ன சிரிஞ்சால் உறிஞ்சிக்கொள்ள அந்த நர்ஸ்தான் கற்றுக்கொடுத்தார். குழந்தை தானாக உறிஞ்சி, விழுங்கி, மூச்சும் விட, கர்ப்பக் கணக்கில் 34 வாரமாவது ஆகவேண்டும். அதுவரை வாய்வழிக் குழாய்தான். பிளஞ்சர் (அழுத்தும் தண்டு) இல்லாத சிரிஞ்சைக் குழாயில் சொருகித் தூக்கிப் பிடிப்பார்கள். அழுத்த மாட்டார்கள், மஞ்சள் பால் தானாக இறங்கும்.

எல்லோரும் பயந்தது 'நெக்' என்கிற குடல் அழற்சிக்கு. முற்றினால் குடலே அழுகிவிடும். வயிறு உப்புகிறதா, பச்சையாக வாந்தி வருகிறதா, மலத்தில் ரத்தம் உண்டா என்று பார்த்துக்கொண்டே இருப்பார்கள். ஒருமுறை இவன் வயிறு உப்பி, பாலை நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கினார்கள். அந்த இடைவெளியிலும் பீச்சுவதை நான் விடவில்லை. விட்டால் பால் வற்றிவிடும்.

அப்புறம், 'நெக்' வராமல் தடுக்க உதவலாம் என்று ப்ரோபயாடிக், அதாவது குடலுக்கு நல்லது செய்யும் பாக்டீரியாவைக் கொடுக்கிற பேச்சு வந்தது. டாக்டர் இரண்டு பக்கத்தையும் சொன்னார். தாய்ப்பால் குடிக்கும், 32 வாரத்துக்குமுன் பிறந்த குழந்தைகளுக்கு இதைப் பரிசீலிக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2022 பரிந்துரை. ஆனால் ப்ரோபயாடிக்கில் இருந்த அதே பாக்டீரியா ரத்தத்தில் பரவி ஒரு குறைமாதக் குழந்தை இறந்ததால், 2023-இல் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ எச்சரிக்கை விட்டது. எந்த வகை பாக்டீரியா, தயாரிப்பின் தரத்தை யார் சோதித்தார்கள் என்று கேட்டோம். மழுப்பாமல் பதில் வந்தது, சம்மதக் கையெழுத்துப் போட்டோம். பதில் வராமல் இருந்திருந்தால் போட்டிருக்க மாட்டேன். கடையில் ஒரு பாக்கெட் வாங்கி நாமாகக் கொடுக்கிற விஷயம் இல்லை இது.

பால் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடி, ட்ரிப்ஸைக் கழற்றினார்கள். ப்ரோபயாடிக் எவ்வளவு உதவியது என்று ஒரு குழந்தையை வைத்துச் சொல்ல முடியாது. அதற்குள் என் பாலில் ஃபோர்ட்டிஃபயர் என்கிற சத்துக் கலவையைக் கலக்கவும் ஆரம்பித்தார்கள். இவ்வளவு சின்ன உடம்பு வளரத் தேவையான புரதமும் கால்சியமும் தாய்ப்பாலில் மட்டும் கிடைக்காதாம். இவ்வளவு பாடுபட்டுப் பீச்சியும் போதவில்லையா என்று எனக்குக் கொஞ்சம் கோபம்தான். எடை ஏறத் தொடங்கியதும் அது போய்விட்டது.