அக்கராயனில் படித்த ஒரு சொல்

1997ஆம் ஆண்டு. கிளிநொச்சியை விட்டு இடம்பெயர்ந்த எங்கள் பாடசாலை அக்கராயனில் ஒரு பாலை மரத்தடியிலும் அதையொட்டிப் போட்ட கிடுகுக் கொட்டிலிலும் நடந்துகொண்டிருந்தது. எட்டாம் வகுப்புக்கு மரத்தடி. வாங்கு, மேசை ஒன்றும் இல்லை. உரப்பையை விரித்து நிலத்தில் இருப்போம். கரும்பலகையை மரத்தில் சாய்த்து, காற்றுக்கு விழாமல் சைக்கிள் ரியூப்பால் கட்டியிருந்தார்கள். அன்றைக்கு ஆங்கில சேர் அதில் நாலே எழுத்தில் ஒரு சொல்லை எழுதினார். டாங்க்.

"என்ன கருத்து? சொல்லுங்கோ பாப்பம்."

முன்னால் இருந்த பெடியன் எழும்பிக் கைகட்டிக்கொண்டு சொன்னான். "செயினிலை ஓடுறது சேர். முன்னுக்குக் குழல் இருக்கும்."

சரியாகச் சொன்னான். முந்தின வருசம் அந்தச் சத்தத்தைக் கேட்டு, சோற்றுப் பானையை அடுப்பிலேயே விட்டுவிட்டு ஓடி வந்தவர்கள்தான் நாங்கள் எல்லோரும். அடுத்ததாக ஒரு பிள்ளை "தண்ணித் தாங்கி" என்றாள். முகாமுக்கு முன்னால் வைத்திருந்த கறுப்புத் தாங்கியில் ஒவ்வொரு நாளும் வாளியோடு வரிசையில் நிற்பவள் அவள். இன்னொருவன் மோட்டார் சைக்கிளின் பெற்றோல் ராங் என்றான். சேர் மூன்றுக்கும் தலையாட்டினார்.

"எல்லாம் சரிதான். ஆனால் முதல் கருத்து உதொண்டும் இல்லை. டாங்க் எண்டால் குளம்."

ஒருவரும் பேசவில்லை. குளத்துக்கும் அந்த வண்டிக்கும் ஒரே பெயர் என்பதை ஏற்க எங்களுக்கு மனம் வரவில்லை. வன்னியில் குளம் என்றால் சோறு. ஊரின் பெயரே பாதி இடங்களில் குளத்தில்தான் முடியும்: மாங்குளம், புளியங்குளம், வவுனிக்குளம், முறிகண்டிக்கு அங்காலும் இங்காலும் இன்னும் எத்தனையோ. அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் இதைக் கொண்டுவந்து வைக்கிறாரே என்று எனக்கு அழுகைகூட வந்தது.

சேர் ஒரு பூவரசந்தடியை முறித்து, எங்களுக்கு நடுவில் புழுதியில் கீறத் தொடங்கினார். வளைவாக ஒரு கோடு, அது குளக்கட்டு. கட்டின் உட்பக்கம் அலைகரை. கட்டுக்குக் கீழே ஒரு ஓட்டை, அது துருசு. ஓரத்தில் மிஞ்சின தண்ணீர் வழிந்தோடும் வான். துருசில் இருந்து வாய்க்காலை இழுத்து, அது வயலுக்குள் போய்ச் சேரும்வரை தடியை எடுக்கவில்லை. "இவ்வளவும் சேர்ந்ததுக்குத்தான் வெள்ளைக்காரன் முதன்முதல் டாங்க் எண்டு பேர் வைச்சவன்" என்றார். மன்னார்க் கட்டுக்கரைக்குளம் ஆங்கிலத்தில் 'இராட்சதனின் டாங்க்' என்பதும் அன்றுதான் தெரிந்தது. கட்டுக்கு ஆங்கிலேயன் சொல்லும் 'பண்ட்' என்ற சொல்லும் அவன் வீட்டுச் சொல் அல்லவாம். பாரசீகத்தில் இருந்து இந்தி வழியாக எடுத்தது. அதன் பொருளும் கட்டுத்தான்.

அவர் அன்று சொன்னதையும் பிற்காலத்தில் நானாகத் தேடிப் படித்ததையும் சேர்த்தே இனி எழுதுகிறேன். எது அவர் சொன்னது, எது நான் படித்தது என்று இப்போது பிரிக்க முடியவில்லை.

17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவுக்கு வந்த ஆங்கிலேயரின் எழுத்துகளில்தான் டாங்க் என்ற சொல் முதலில் தலைகாட்டுகிறது. மழைநீரைத் தேக்கும் குளத்தையே அவர்கள் அப்படி எழுதினார்கள். அவர்கள் வாய்க்கு அது எப்படி வந்தது என்பதில் அறிஞர்கள் இரண்டு பக்கமாக நிற்கிறார்கள். குஜராத்தியிலும் மராத்தியிலும் நிலத்தடித் தொட்டிக்கு டாங்கி, டாங்கே என்ற சொற்கள் உண்டு. ராஜஸ்தானத்தில் இன்றைக்கும் மழைநீர்த் தொட்டிக்கு டாங்கா என்றுதான் பெயர். இவற்றை எங்களுக்கும் பழக்கமான தடாகத்தோடு இணைப்பவர்களும் இருக்கிறார்கள். மற்றப் பக்கத்தார் போர்த்துக்கேயரின் 'தாங்கெ'யைக் காட்டுகிறார்கள். அதன் வேர் நீரை மறித்துத் தேக்குவது என்ற பொருளுடைய சொல். அதற்கும் பின்னால் தேங்கி நிற்கும் நீரைக் குறிக்கும் லத்தீன் சொல் இருக்கிறது. 1498இல் வாஸ்கோ ட காமாவோடு கோழிக்கோட்டுக்கு வந்தவர்கள் ஒரு கோயிலைக் கிறிஸ்தவத் தேவாலயம் என்று நினைத்துக் கும்பிட்டார்கள் அல்லவா, அந்தப் பயணக் குறிப்பிலேயே கோயிலுக்குக் கீழே இருந்த, செதுக்கிய கல்லால் கட்டிய குளத்தைத் 'தாங்கெ' என்று எழுதியிருக்கிறார்கள். இரண்டு வாய்க்காலும் ஒரே குளத்தில் வந்து விழுந்தன என்றே நான் நினைக்கிறேன். போர்த்துக்கேயரிடம் இருந்து மேசை, வாங்கு, அலுமாரி, சப்பாத்து எல்லாம் வாங்கி வீட்டுக்குள் வைத்திருக்கும் எங்களுக்கு இது புதினமும் இல்லை.

சரி, அந்த வண்டிக்கு ஏன் இந்தப் பெயர்? வகுப்பில் எல்லோருக்கும் இருந்த கேள்வி அதுதான், கேட்கத்தான் துணியவில்லை. சேர் தானாகவே சொன்னார்.

முதலாம் உலகப் போரில் முள்ளுக்கம்பியையும் பதுங்குகுழியையும் தாண்டிப் போகும் இரும்பு வண்டி ஒன்றைப் பிரித்தானியர் இரகசியமாகச் செய்தார்கள். முதலில் அதற்குத் 'தரைக் கப்பல்' என்றுதான் பெயர். அப்படிச் சொன்னால் எதிரிக்கு விளங்கிவிடும். லிங்கன் நகரத் தொழிற்சாலையில் உருவான அந்தப் பெரிய இரும்புப் பெட்டியை, பாலைவனப் போர்முனைக்குத் தண்ணீர் கொண்டுபோகும் கலம் என்று வெளியில் சொல்லிவைத்தார்கள். 1915ஆம் ஆண்டின் கடைசியில், கொள்கலம், நீர்த்தேக்கம், தொட்டி என்று பல பெயர்களைத் தள்ளிவிட்டு, சின்னதாக வாயில் நிற்கும் டாங்க் என்ற சொல்லைத் தெரிந்தெடுத்தார்கள். 1916 செப்டெம்பர் 15ஆம் தேதி பிரான்சில் சொம் போர்முனையில் அது முதன்முதலாகக் களத்தில் இறங்கியது. அதற்குப் பிறகு இரகசியம் போய்விட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

"பொய்ப் பேர் பிள்ளையள்" என்றார் சேர். "தண்ணியின்ரை பேரைப் போர்த்து மறைச்சுக் கொண்டுவந்தவங்கள். பேர் குளத்தின்ரை பேர்தான்."

எங்கள் மனதில் இருந்த பயத்தை அவர் அதட்டவும் இல்லை, தடவிக் கொடுக்கவும் இல்லை. எங்களுடையது எது, இடையில் ஏறி உட்கார்ந்தது எது என்று பிரித்துக் காட்டினார். அதற்காக அவரை இன்றைக்கும் கைகூப்பி நினைக்கிறேன்.

பெற்றோல் ராங் என்று சொன்னவனுக்கும் அன்று அவர் நேரம் கொடுத்தார். அந்த நாளில் வன்னிக்குள் பெற்றோல் இல்லை. மண்ணெண்ணெயில்தான் மோட்டார் சைக்கிள் ஓடியது. சின்னச் சூப்பிப் போத்தலில் நாலு துளி பெற்றோலை எஞ்சினுக்குள் பீச்சி, உதைத்து, புகையோடு கிளப்பிவிட்டுப் பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். "அப்ப உன்ரை அப்பாவின்ரை ராங்குக்குள்ளை பெற்றோலே இல்லையே" என்று சேர் கேட்க, அன்றைக்கு அப்போதுதான் வகுப்பு சிரித்தது.

தண்ணீர்த் தாங்கி என்ற எங்கள் சொல்லைப் பற்றியும் எழுத வேண்டும். டாங்க் என்ற ஓசையும் கேட்கிறது, நீரைத் தாங்குவது என்ற தமிழ்ப் பொருளும் நிற்கிறது. சுமைதாங்கி, இடிதாங்கி வரிசையில் அது கூச்சமில்லாமல் போய் நிற்கும். இதைவிட அழகாக ஒரு பிறமொழிச் சொல்லை யாரும் வீட்டுக்குள் கூட்டிவந்ததாக எனக்குத் தெரியவில்லை.

இங்கே ரொறன்ரோவில் என் தொழிலே வீடுகளுக்கு வெந்நீர்த் தாங்கி பூட்டுவதுதான். விடிந்தால் பொழுதுபட்டால் டாங்க், டாங்க் என்றே காதில் விழும். கடைகளில் கையில்லாத பெனியனை டாங்க் டொப் என்று விற்கிறார்கள். ஒருகாலத்தில் நீச்சல் குளத்தையும் டாங்க் என்றதால் அங்கே போட்ட உடுப்புக்கு வந்த பெயர் அது. அங்கேயும் தண்ணீர்தான். ஒருமுறை நூலகத்தில் பெரிய ஒக்ஸ்போர்ட் அகராதியை எடுத்து அந்தச் சொல்லின் பக்கத்தைப் பார்த்தேன். அதில் கருத்துகளைப் பிறந்த முறைப்படி அடுக்கியிருப்பார்கள். முதலாவதாக நின்றது இந்தியக் குளம். உரப்பையால் உறை போட்ட, முன்பக்கங்கள் இல்லாத ஒரு அகராதியை வைத்துக்கொண்டு மரத்தடியில் நின்ற மனிதர் எங்களுக்குச் சரியானதைத்தான் சொல்லியிருக்கிறார்.

2019 தைப்பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். முந்தின மார்கழி வெள்ளத்தில் இரணைமடுக் குளத்தின் 14 வான்கதவுகளையும் திறந்துவிட்டிருந்தார்கள். நான் போனபோதும் குளம் நிறைந்துதான் கிடந்தது. கூடப் படித்தவன் வட்டக்கச்சியில் வயல் செய்கிறான். அவனுடைய மோட்டார் சைக்கிளில், அவன் மகளை நடுவில் இருத்திக்கொண்டு, குளக்கட்டுக்குப் போனோம். கனகராயன் ஆற்றை மறித்து 1902இல் தொடங்கி 1920இல் கட்டி முடித்த குளம். பிறகு பலமுறை உயர்த்தி, இப்போது 36 அடிக்குத் தண்ணீர் நிற்கும். இரணை என்றால் இரட்டை. இரண்டு மடுக்களைச் சேர்த்துக் கட்டியதால் வந்த பெயர். அலைகரைக் கல்லில் தண்ணீர் தட்டித் தட்டித் திரும்பிக்கொண்டிருந்தது. நண்பன் பேசாமல் வயல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான். அந்த முன்வரிசைப் பெடியன் அவன்தான்.

குளக்கட்டில் மூன்று மொழியில் ஒரு பலகை நின்றது. சிங்களத்தில் வெவ, எங்கள் வாவிக்குச் சொந்தக்காரச் சொல். தமிழில் குளம். ஆங்கிலத்தில் டாங்க். ஆறாம் வகுப்புப் படிக்கும் அந்தப் பிள்ளை ஆங்கில வரியை எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

"டாங்க் எண்டால் என்ன பிள்ளை?" என்று கேட்டேன்.

இதைப் போய்க் கேட்கிறாரே என்பதுபோல் என்னைப் பார்த்தாள். பிறகு தண்ணீர்ப் பக்கம் கையை நீட்டினாள்.

"உதுதான் மாமா."