கஃபேயில் இல்லாத பியேர்

பிரெஞ்சுத் தத்துவவாதி சார்த்தரின் 'இருத்தலும் இன்மையும்' (1943) என்ற புத்தகம் தலையணை மொத்தம். முழுசாகப் படிக்கப் பொறுமை இல்லாதவர்கள் அந்த கஃபே பகுதியை மட்டுமாவது படித்துவிடுங்கள். நாலு மணிக்கு சார்த்தர் தன் நண்பர் பியேரை ஒரு கஃபேயில் சந்திக்க வேண்டும். கால் மணி நேரம் தாமதமாகப் போகிறார். மேசைகள், கண்ணாடிகள், புகை, தட்டுகளின் சத்தம், ஆட்கள் என்று கஃபே நிறைந்து கிடக்கிறது. ஆனால் தேடும் கண்ணுக்கு அத்தனையும் பின்னணியாகக் கரைகிறது. ஒவ்வொரு முகமும் ஒரு கணம் 'இவனோ?' என்று எழுந்து, இல்லை என்றதும் அமிழ்ந்துபோகிறது. அந்த கஃபேயில், எப்போதோ வாழ்ந்த பிரிட்டிஷ் தளபதி வெலிங்டன் பிரபுவும்தான் இல்லை. அவரை யார் தேடினார்கள்? எதிர்பார்க்கிற மனிதன் வழியாகத்தான் இன்மை உலகத்துக்குள் வருகிறது என்கிறார் சார்த்தர்.

சரி, இன்மையை அதோடு விட்டாரா பிரெஞ்சு உளப்பகுப்பாய்வாளர் லக்கான்? 1956-57 கருத்தரங்கில் ஒரு படி மேலே போகிறார். உணவை மறுக்கும் பெண் சாப்பிடாமல் இருக்கவில்லை, 'ஒன்றுமில்லாததை'ச் சாப்பிடுகிறாள் என்கிறார். குழந்தை எதைக் கேட்டாலும் சோற்றையே ஊட்டி அடைத்தால், ஆசைக்கென்று கொஞ்சம் காலியிடத்தை அது எப்படிக் காப்பாற்றும்? வாயை இறுக மூடிக்கொண்டுதான்.

எனக்கு சார்த்தரைவிட இது பிடித்திருக்கிறது. இங்கே இன்மை வெறும் குறை இல்லை, கையில் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும் பொருள். அதற்காக, பசியை மறுக்கும் நோய்க்கு இதுதான் முழுக் காரணம் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். அதற்கு உடல் சார்ந்த காரணங்களும் உண்டு, மருத்துவரும் தேவை.