கேட்ஸ் கோவ் மரக்கட்டை வீடு: சுவர் எழும்பியது, கூரை பாதி வேய்ந்தாயிற்று

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், கிரேட் ஸ்மோக்கி மலைகளுக்கு நடுவே உள்ள கேட்ஸ் கோவ் பள்ளத்தாக்கில் ஜான் ஆலிவர் வீடு இன்றும் நிற்கிறது. அதை 1:24 அளவில் மரத்தில் செய்துகொண்டிருக்கிறேன். நான்கு சுவர்களும் எழும்பிவிட்டன, கூரையின் ஒரு பக்கம் வேய்ந்தாயிற்று, கல் புகைபோக்கி பாக்கி. இந்த வேலையில் இறங்க நினைப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்று இதுவரை செய்ததை எழுதுகிறேன்.

1:24 அளவில் ஒரு வசதி இருக்கிறது. நிஜத்தில் ஓர் அங்குலம் என்பது மாதிரியில் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். ஆறு அங்குலத் தடிமனுக்குச் செதுக்கிய கட்டைக்கு ஆறு மில்லிமீட்டர் பட்டை போதும். அந்த மலைகளில் சுவருக்கு டியூலிப் பாப்லர் மரத்தை விரும்பி எடுத்தார்கள். நெடுநெடுவென்று நேராக வளரும், எடை குறைவு, கோடாரிக்கு நன்றாக இணங்கும். மாதிரிக்கு நான் எடுத்தது பாஸ்வுட் என்ற மென்மையான மரம். இழை நெருக்கமாக இருப்பதால் சின்ன மூட்டும் உடையாமல் வருகிறது.

ஜான் ஆலிவரும் மனைவி லுக்ரீஷியாவும் இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்தது 1818இல். அப்போது அது பூர்வகுடிகளான செரோக்கி மக்களின் நிலம். 1819 ஒப்பந்தத்தில்தான் அரசின் கைக்குப் போனது. 1838இல் செரோக்கி மக்களில் பெரும்பாலோரைப் படை கொண்டு மேற்கே துரத்தினார்கள். 1820களில் எழுந்த இந்த வீட்டைச் செய்கிறவர் எவரும் அந்த நிலத்தின் முந்தைய கதையை விட்டுவிடக் கூடாது என்பது என் எண்ணம்.

இனி மூலை மூட்டு. வேலையின் உயிரே இங்குதான் இருக்கிறது. இந்த வீட்டின் மூலைகளில் ஆணியும் கிடையாது, மர முளையும் கிடையாது. கட்டைகளின் எடையே சுவரைப் பிடித்து நிறுத்துகிறது. ஸ்மோக்கி மலை வீடுகளில் அதிகம் காணப்படுவது அரைப் புறா-வால் மூட்டு (half-dovetail). கட்டையின் நுனியில் மேல்பக்கத்தை வெளிப்புறம் நோக்கிச் சரிவாகச் செதுக்குகிறார்கள். மேலே குறுக்காக வரும் கட்டையின் அடிப்பக்கத்தை அந்தச் சரிவுக்கு ஏற்ப வெட்டி உட்கார வைக்கிறார்கள். மேல் கட்டை உள்ளே நகர முயன்றால் சரிவு தடுக்கும், வெளியே நகர முயன்றால் வெட்டின் விளிம்பான தோள் தடுக்கும். மழைத் தண்ணீர் மூட்டுக்குள் தங்காமல் வெளிப்பக்கம் வழிந்துவிடும். ஒரே சரிவில் பூட்டும் வடிகாலும் கிடைத்துவிடுகின்றன. இதைப் படத்தில் பார்த்தபோது புரிந்ததாகத்தான் நினைத்திருந்தேன். இரண்டு கட்டைகளைப் பொருத்தி விரலால் இழுத்துப் பார்த்தபோதுதான் அந்த மலைத் தச்சர்கள் மேல் உண்மையான மரியாதை வந்தது.

எல்லாக் கட்டைகளையும் முதலிலேயே வெட்டி வைத்துக்கொண்டு அடுக்கும் முறையை நான் எடுக்கவில்லை. ஒவ்வொரு கட்டையையும் அதன் கீழே உட்கார்ந்திருக்கும் கட்டையின் மேல் வைத்து, சரிவைப் பென்சிலால் குறித்து, அதன் பிறகே உளியை எடுத்தேன். சரிவு எங்கும் ஒரே மாதிரி வருவதற்கு ஒரு சிறிய ஆப்பு வடிவத் துண்டைச் செய்து, உளியின் முதுகு அதன்மேல் சாய்ந்து போகும்படி வைத்துக்கொண்டேன். மரம் அடியில் பருத்தும் நுனியில் சிறுத்தும் இருக்கும். எனவே ஒரு வரிசையில் அடிப்பக்கம் இடது மூலைக்கு வந்தால் அதற்கு மேல் வரிசையில் வலது மூலைக்கு வர வேண்டும். இல்லாவிட்டால் சுவர் ஒரு பக்கம் உயர்ந்துகொண்டே போகும். என் பட்டைகளையும் ஒரு முனையில் சற்று இழைத்துச் சிறுக்க வைத்து இப்படித்தான் மாற்றி மாற்றி அடுக்கினேன். சுவரில் ஒரு துளி பசைகூட இல்லை. மேசையைத் தட்டினாலும் அசையவில்லை.

சுவரின் முகத்தில் கோடாரித் தழும்பு தெரிய வேண்டும். நிஜத்தில் கட்டையின் நீளத்துக்கு நூல் அடித்து, குறுக்கே வெட்டுகள் போட்டு, அதன் பின் ஒரு பக்கம் மட்டும் சரிவாகத் தீட்டிய அகலக் கோடாரியால் சீவுவார்கள். குறுக்கு வெட்டுகளின் அடி, சீவிய பிறகும் அங்கங்கே கோடாக நிற்கும். நானும் கத்தியால் குறுக்கே கீறி, அகல உளியால் சீவினேன். மணல்தாள் பக்கமே போகவில்லை. மணல்தாள் பட்ட சுவர் ஆலைப் பலகை போல ஆகிவிடும்.

பழைய சாம்பல் நிறத்துக்கு வினிகரில் இரும்புக் கம்பளியை ஊறவைத்த கரைசலைப் பூசினேன். அது மரத்திலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளோடு சேரும்போதுதான் கறுக்கும். பாஸ்வுட்டில் டானின் மிகக் குறைவு. ஆகவே முதலில் கடுந்தேநீர் ஒரு பூச்சு, காய்ந்த பிறகு கரைசல். கட்டைக்குக் கட்டை நிறம் சற்று மாறி வருவது அழகாகவே இருக்கிறது.

கட்டைகளின் இடைவெளிகளில் மரச்சிம்பு செருகி, மேலே களிமண் பூசினேன். வெறும் களிமண் காயும்போது சுருங்கி வெடிக்கும் என்பதால் மெல்லிய மணல் சேர்த்தேன். அசல் வீடுகளிலும் இந்தப் பூச்சு நிரந்தரமல்ல, மழையில் கரைய கரையத் திரும்பப் பூச வேண்டியதுதான்.

கூரைக்கான மர ஓடுகளை அறுக்கவில்லை, பிளந்தேன். அங்கே வெள்ளை ஓக் துண்டுகளின் மேல் நீண்ட அலகை வைத்துக் கொட்டாப்புளியால் அடித்துப் பிளப்பார்கள். பிளவு இழையோடே ஓடுவதால் பலகையின் முகத்தில் இழை அறுபடுவதில்லை, தண்ணீர் உள்ளே ஊறாமல் வழிந்துவிடும். சின்ன அளவிலும் அறுத்த ஓட்டுக்கும் பிளந்த ஓட்டுக்கும் வித்தியாசம் கண்ணுக்கு நன்றாகத் தெரிகிறது.

இந்த வீட்டை மட்டும் தனியாக ஒரு பலகையில் நிறுத்தி வைப்பதில் எனக்குச் சம்மதமில்லை. கேட்ஸ் கோவ் பள்ளத்தாக்கில் இன்று காண்பது பெரும்பாலும் மரக்கட்டை வீடுகளும் களஞ்சியங்களும்தான். ஆனால் கிரேட் ஸ்மோக்கி மலைகள் தேசியப் பூங்கா வருவதற்கு முன்பே அங்கே அறுத்த பலகையால் கட்டிய வீடுகள் நிறைய வந்துவிட்டன. முதல் குடியேறிகளின் காலத்துத் தோற்றம் நிற்க வேண்டும் என்று பூங்கா நிர்வாகம் அவற்றில் பெரும்பாலானவற்றை அகற்றியது. அதனால் அங்கே போகிறவர்களுக்கு அந்த மக்கள் கடைசிவரை கோடாரியோடு மட்டுமே வாழ்ந்தது போன்ற எண்ணம் வந்துவிடுகிறது. அது சரியில்லை.

அதே மலைத்தொடரில் 1901இல் டபிள்யூ. பி. டவுன்சென்ட் என்பவரின் லிட்டில் ரிவர் மரக் கம்பெனி வந்தது. ஆற்றோரமாக ரயில் பாதை போட்டார்கள். செங்குத்தான மலைப்பாதைகளில் ஷே எனப்படும் நீராவி ரயில் எஞ்சின்கள் ஓடின. அவற்றின் உருளைகள் ஒரு பக்கமாக நிமிர்ந்து நிற்கும். சுழலும் தண்டும் பற்சக்கரங்களும் எல்லாச் சக்கரங்களுக்கும் விசையைக் கொண்டுபோகும். நீராவி இயந்திரங்கள் கம்பி வடத்தால் கட்டைகளைச் சரிவிலிருந்து இழுத்தன. 1920களில் கம்பெனி தன் நிலத்தைப் பூங்காவுக்கு விற்றபோதும் மேலும் சில ஆண்டுகள் வெட்டும் உரிமையைக் கையில் வைத்துக்கொண்டது. பூங்கா 1934இல் உருவானது, வெட்டு 1939இல்தான் நின்றது. அந்த ஐந்து ஆண்டுகளை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் பொறுப்பதில்லை. அதே காலத்தில் பூஞ்சை நோய் செஸ்ட்நட் மரங்களையும் தின்றுகொண்டிருந்தது. 1904இல் நியூயார்க்கில் கண்டறியப்பட்ட நோய் அது. 1940க்குள் ஸ்மோக்கி மலைகளின் செஸ்ட்நட் ஏறக்குறைய முழுவதும் பட்டுப்போயிற்று.

தொழிலாளர்களுக்குக் கம்பெனி கொடுத்த வீடுகள் ரயிலில் வந்தன. சரக்கு வண்டியின் அகலத்துக்குள் அடங்கும் சிறு பலகை அறைகள். கட்டை ஏற்றும் எந்திரமே அவற்றைத் தூக்கிப் பாதையோரம் இறக்கி வைக்கும். வெட்டு முடிந்தால் அறையைத் திரும்ப ஏற்றி அடுத்த முகாமுக்குக் கொண்டுபோவார்கள். அப்படி ஒரு பலகை அறையை ஆலிவர் வீட்டுக்குப் பக்கத்தில் தனி அடித்தளத்தில் செய்யப் போகிறேன். இரண்டும் ஒரே இடத்தில் இருந்தவை அல்ல என்பதால் நடுவே இடைவெளி விடுவேன், அளவு மட்டும் ஒன்றாக இருக்கும். நூறாண்டு இடைவெளியில் அதே மலைகளின் மரத்தால் எழுந்த இரண்டு வீடுகளைச் சேர்த்துப் பார்த்தால்தான் அந்தக் காட்டுக்கு என்ன நேர்ந்தது என்று புரியும்.

இப்போதைக்குப் புகைபோக்கிக்கு ஆற்றுக் கூழாங்கல்லைத் தவிர்த்துத் தட்டையாக உடையும் கல்லைப் பொறுக்கி வைத்திருக்கிறேன். கூரையின் மறுபக்கத்துக்கு ஓடு பிளப்பது பாதியில் இருக்கிறது. பலகை அறைக்கான சுவர்ப் பலகைகளை மட்டும் வேண்டுமென்றே ரம்பத்தால் அறுத்து, ரம்பத் தடம் தெரியும்படி விட்டிருக்கிறேன். அவற்றில் ஆணி அடித்த புள்ளிகளை எப்படிக் காட்டுவது என்று அடுத்த முறை எழுதுகிறேன்.